துளை

பால் ஐந்து மணிக்கு வரும்.
அதற்குள் குழாய் மூடியிருக்க வேண்டும்.
லாங்னாவ் பாற்கட்டி ஆலையில்
இரவு இரண்டே காலுக்கு
என் வேலை உத்தரவு அவ்வளவுதான்.

விரிசல் தலைமயிர் அளவு.
பழைய வெல்டின் ஓரம், அடிப்பக்கம்,
யாரோ வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்ட தையல்.
முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டிக்கொண்டே
பத்து சென்டிமீட்டர் அறுத்து எடுத்தேன்.
புதுத்துண்டு. இரண்டு மூட்டு.

டங்ஸ்டனை நீளவாக்கில்தான் தீட்ட வேண்டும்.
குறுக்கே தீட்டினால் கீறல்கள் வளையமாய்ச் சுற்றும்,
எங்கே நிற்பதென்று தெரியாமல்
மின்வில் நாய்வாலாய் அலையும்.
கோடெல்லாம் முனையை நோக்கி ஓட வேண்டும்,
எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி.
மூவாயிரத்து நானூறு பாகை வரை இது உருகாது.
மற்றதையெல்லாம் உருக்கிவிட்டுத்
தான் அப்படியே நிற்கும்.
அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

செனாட் குழாயின் இரு வாயையும் அடைத்து
உள்ளே ஆர்கன் விடுகிறான்.
மணமில்லை, நிறமில்லை, யாரோடும் கூடாத குணம்.
காற்றைவிடக் கனம் என்பதால்
குடத்தில் தண்ணீர்போல் அடியிலிருந்து ஏறி
காற்றை மேல்துளையால் துரத்தும்.
உட்புறம் பால் ஓடும் பக்கம்,
ஒருவரும் எட்டிப் பார்க்காத பக்கம்.
அங்கே காற்றுப் பட்டால்
அடிப்பிடித்த பாகுபோல் பொருக்குத் தட்டும்,
பொருக்கில் பால் தங்கும்,
பாலில் மற்றது தங்கும்.

ஈரத் தரையில் மல்லாந்து படுத்தேன்.
மிதிக்குக் கால் எட்டாது,
மின்சாரம் என் கட்டைவிரலில்.
தலையை ஆட்டினேன், முகமூடி விழுந்தது.
பச்சை இருட்டு.

ஊசிமுனைக்கும் எஃகுக்கும் இடையே
ஒன்றரை மில்லிமீட்டர்.
தொட்டால் முனையும் அழுக்கு, குளமும் அழுக்கு.
விலகினால் வில் விரிந்து வெறும் வெயில்.
தொடாமல் கிட்ட நிற்க
எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

குளம் முதலில் அரிசி, பிறகு துவரம்பருப்பு.
அதன் விளிம்பில் கம்பியைத் தொட்டு எடுத்தேன்,
தொட்டு எடுத்தேன்,
கோழி கொத்துகிற தாளம்.
முதல் மூட்டு முடிந்தது. சொல்ல ஒன்றுமில்லை,
நல்ல வெல்டுக்குக் கதை கிடையாது.

இரண்டாவதின் பாதியில்
இராக்காவல் கெர்பர் கதவைத் திறந்தார்.
எங்களுக்குக் காற்று வரட்டுமாம்.
இல்ஃபிஸ் ஆற்றுக் குளிர் உள்ளே வந்து
என் ஆர்கனை ஊதித் தள்ளியது.
குளம் பொரிந்தது, துப்பியது,
கறுத்த முகத்தில் அம்மைத் தழும்பாய்த் துளைகள்.

அவர்கள் பாற்கட்டியில் துளை விழுந்தால் விலை,
என்னுடையதில் விழுந்தால் குப்பை.

"கதவு" என்றேன்.
அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஜெர்மன் அவ்வளவுதான்.
அவர் சாத்தினார். மெதுவாக,
குழந்தை தூங்கும் வீட்டில் சாத்துவதுபோல்.

மூன்று நாற்பது. பாதியைச் சுரண்டி,
முனையை மறுபடி தீட்டி,
மறுபடி மல்லாந்து, மறுபடி அரிசி, பருப்பு.
கடைசியில் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்த்தினேன்,
சட்டென்று விட்டால் நடுவில் பள்ளம் வெடிக்கும்.

வில் அணைந்தது.
கை அசையக் கூடாது.
சிவப்பு ஆறும்வரை வாயு வழிய வேண்டும்.
செனாட் அதற்குள் கோப்பி பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான்.
நான் இருட்டில்
ஒன்று, இரண்டு, மூன்று…
எட்டுவரை எண்ணி
அதன் பிறகுதான் மூச்சு விட்டேன்.

வைக்கோல் நிறம். ஓரத்தில் ஒரு நூலளவு
மயில்கழுத்து.
கமெரா உள்ளே போய்ப் பார்த்தது: வெள்ளிக்காசு.

நான்கு ஐம்பதுக்கு லாரி விளக்கு சுவரில் ஏறியது.
கெர்பர் ஒரு தட்டில் பாற்கட்டி கொண்டுவந்தார்,
கதவுக்கான மன்னிப்பு என்று நினைக்கிறேன்.
துளைகளை எண்ணினேன், பழக்கம்.
ஏழு.
எல்லாம் வடிவான வட்டம்,
ஒன்றையும் சுரண்டாமல் சாப்பிட்டேன்.